வழி மாறிய நாள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சைக்கிள் பயண எழுத்து. துவிச்சக்கர வண்டி என்று பாடப்புத்தகத்தில் படித்தாலும், வீட்டிலும் வீதியிலும் நாம் சைக்கிள் என்றுதான் சொல்கிறோம். இந்த உரையிலும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

சைக்கிளில் நெடுந்தூரம் போனவர்கள் எழுதியவற்றைச் சேர்த்தால் ஒரு சிறு நூலகமே ஆகிவிடும். எங்கள் பக்கத்து நாட்டிலிருந்தும் போயிருக்கிறார்கள். 1923 ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி இளைஞர் அறுவரில் மூவர், உலகைச் சுற்றிக்கொண்டு 1928 இல் ஊர் திரும்பினார்கள். அவர்கள் எழுதிய நூலுக்கு ஜவஹர்லால் நேரு முன்னுரை எழுதினார். இப்படியான எழுத்துகளில் அநேகமாகத் தவறாமல் வருகிற ஒரு நாள் உண்டு. காலையில் தேசப்படத்தை விரித்து, இன்று இந்த ஊரிலிருந்து அந்த ஊர் என்று கோடு போட்டுக்கொண்டு புறப்பட்டவர், மாலையில் தாம் நினைத்தே பார்க்காத வேறோர் இடத்தில் இருக்கும் நாள். பாலம் உடைந்திருக்கும், வீதி மூடப்பட்டிருக்கும், பனி விழுந்திருக்கும், சில்லு நெளிந்திருக்கும், அல்லது காவலன் ஒருவன் கையை நீட்டி மறித்திருப்பான். அந்த ஒரு நாளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

காரில் போகிறவருக்கும் பாதை மாறுவதுண்டே, சைக்கிளில் மட்டும் என்ன புதுமை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த வகைப் பயணத்தை இப்போது ‘பைக்பேக்கிங்’ என்கிறார்கள். ஹாண்டிலிலே ஒரு சுருள், சட்டத்தின் நடுவிலே ஒரு பை, சீற்றுக்குப் பின்னாலே ஒரு பை. உடுப்பு, உணவு, படுக்கை, பழுது பார்க்கும் சாமான் எல்லாம் அவ்வளவுக்குள் அடங்கிவிட வேண்டும். சுமையுடன் நல்ல தார் வீதியில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் போகலாம். மணலிலும் சேற்றிலும் இறங்கித் தள்ளினால் மூன்று மைலும் பெரிய காரியம். ஆகவே காரில் போகிறவருக்கு நாற்பது மைல் சுற்று என்பது ஒரு மணித்தியாலம். சைக்கிளில் போகிறவருக்கு அது ஒரு முழுப் பகல். அந்தப் பகல் போய்விட்டால் இரவுத் தங்கலும் மாறிப்போகும். கையில் இருக்கும் தண்ணீர் காணாமல் போகும். எந்த ஊரில் யாரிடம் போய் நிற்பது என்பதும் மாறிவிடும். சுருங்கச் சொன்னால், பாதை மாறிய அந்தக் கணத்திலிருந்து பயணி தன்னுடைய காலை மட்டும் நம்பியிருக்க முடியாது. அங்குள்ள மனிதரை நம்பவேண்டும்.

இங்கேதான் இலக்கியத்துக்கு வேலை வருகிறது என்பது என் எண்ணம். திட்டமிட்டபடி நடந்த நாளைப் பற்றி எழுதுவது சுலபம். மைல் கணக்கையும் மலையின் அழகையும் எழுதினால் போதும். வழி மாறிய நாளை எழுதும்போது, தனக்கு வழி சொன்னவனை, வழி மறித்தவனை, சோறு போட்டவளை எழுத வேண்டிவருகிறது. அவர்களைப் பற்றி ஒருவர் எப்படி எழுதுகிறார் என்பதை வைத்தே அந்தப் பயண எழுத்தின் தரத்தை நாம் மதிப்பிடலாம்.

தமிழுக்கு இது புதிய எண்ணம் அல்ல, நேயர்களே. பத்துப்பாட்டிலே ஆற்றுப்படை நூல்கள் ஐந்து இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்புகிற கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வருகிற கலைஞனைக் கண்டு, நீ இந்த வழியாகப் போ, இன்னாரைப் போய்ப் பார் என்று திசை காட்டுகிறான். வருகிறவன் எந்தத் திசையை எண்ணிப் புறப்பட்டானோ, அது அந்தச் சந்திப்போடு மாறுகிறது. அதிலும் மலைபடுகடாத்தை எடுத்துப் பாருங்கள். மலை வழியில் எங்கே வழுக்கும், எங்கே விலங்குகளுக்குப் பொறி வைத்திருப்பார்கள், தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், எந்தக் குடியிருப்பில் என்ன உணவு கிடைக்கும் என்பதெல்லாம் அதில் வருகிறது. வழியைப் பற்றிய அறிவு வழியில் இருப்பவனிடந்தான் உண்டு என்பதை அந்தப் புலவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, சைக்கிளில் போன மூவரை இன்று பார்ப்போம்.

முதலாமவர் தோமஸ் ஸ்டீவன்ஸ். 1854 இல் இங்கிலாந்தில் பிறந்து, இளவயதிலே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். சைக்கிளில் உலகத்தைச் சுற்றிய முதல் மனிதர் என்று வரலாறு அவரைத்தான் குறிக்கிறது. அவர் ஓட்டியது இன்று நாம் ஓட்டுகிற வண்டியன்று. முன்சில்லு ஐம்பது அங்குலம் உயரம், பின்சில்லு சிறு குழந்தைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். சங்கிலி கிடையாது, பெடல் முன்சில்லிலேயே பூட்டப்பட்டிருக்கும். காற்றடைத்த ரயர் கிடையாது; டன்லொப் அதைச் செய்தது 1888 இல்தான். கட்டியான றப்பர் வளையம் மட்டுமே. முன்னால் ஒரு கல் தடுக்கினால் ஓட்டுகிறவர் தலைகுப்புற வந்து விழுவார். இந்த வண்டியின் ஹாண்டிலில் ஒரு பையைக் கட்டி, அதில் காலுறையும் மாற்றுச் சட்டை ஒன்றும் வைத்துக்கொண்டார். கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்படக்கூடிய மழை அங்கி ஒன்றும், ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தன. அவ்வளவுதான் மூட்டை. 1884 ஏப்ரல் 22 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு, ஒகஸ்ட் 4 ஆம் திகதி பொஸ்டன் நகரை அடைந்தார். அந்த வழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நடந்தும் வண்டியைத் தள்ளியுமே கடந்தார்.

அடுத்த ஆண்டு மே மாதம் லிவர்பூலில் தொடங்கி ஐரோப்பாவைக் கடந்து, துருக்கி வழியாகப் பாரசீகத்துக்குள் வந்தார். போகிற ஊர்களில் எல்லாம் ஓட்டிக் காட்டு, ஓட்டிக் காட்டு என்று ஊரே திரண்டு கேட்டது. குளிர்காலத்தைத் தெஹ்ரானில் கழித்தார். அங்கே ஷா மன்னரே இந்த வண்டியைப் பார்க்க ஆசைப்பட்டார்.

இனித்தான் வழி மாறும் கதை. ரஷ்ய ஆட்சிப் பகுதிகளின் வழியாக மேலே போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. எனவே 1886 மார்ச் மாதம் தெஹ்ரானில் இருந்து கிளம்பி, ஆப்கானிஸ்தானத்தினூடாக இந்தியாவை அடைவது என்று முடிவு செய்தார். தேசப்படத்தில் பார்த்தால் அதுதான் நேர்வழி. ஆனால் அது எந்தக் காலம் என்பதை மறந்துவிடக்கூடாது. 1885 மார்ச் மாதம் பஞ்ச்தே என்னும் இடத்தில் ரஷ்யப் படை ஆப்கானியரைத் தாக்கி, ரஷ்யாவும் பிரித்தானியாவும் போரின் விளிம்புவரை போய் வந்திருந்தன. எல்லையை அளக்கும் குழுவினர் அந்தப் பகுதியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படியான வேளையில் ஆங்கிலம் பேசுகிற ஒருவர், எவரும் காணாத ஓர் இரும்புச் சில்லின் மேலிருந்து கொண்டு, அனுமதியின்றி எல்லைக்குள் வருகிறார் என்றால் ஆப்கானிய அதிகாரிகள் என்ன நினைத்திருப்பார்கள்? அவரைத் தடுத்து, காவலுடன் ஹெராத் பக்கம் கொண்டுபோய், அங்கிருந்து பாரசீக எல்லைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் திருப்பத்தின் விலை என்ன தெரியுமா? நேரே கிழக்கு நோக்கிப் போகவேண்டியவர், காஸ்பியன் கடலைக் கப்பலில் கடந்து பாக்கு நகருக்கும், அங்கிருந்து ரயிலில் கருங்கடல் கரையிலுள்ள பாத்தூமுக்கும், பிறகு மீண்டும் கப்பலில் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கும் போனார். முந்திய ஆண்டு தாம் மிதித்துக் கடந்த நிலமெல்லாம் பின்னோக்கி ஓடியது. அங்கிருந்து கப்பலேறி இந்தியா வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை பெருந்தெருவிலே ஓட்டினார். பின்னர் சீனா, ஜப்பான். 1886 டிசம்பர் 17 ஆம் திகதி யோகோகாமாவில் பயணம் முடிந்தது. சைக்கிளில் கடந்த தூரம் ஏறத்தாழ 13,500 மைல் என்று அவர் கணக்கிட்டார்.

அவருடைய நூல் இரண்டு பாகங்களாக 1887 இலும் 1888 இலும் வெளிவந்தது. இரண்டாம் பாகம் தெஹ்ரானில் தொடங்கி யோகோகாமாவில் முடிகிறது. அதைப் படிக்கிறவர் ஒன்றை அவதானிக்கலாம். வண்டி ஓடுகிற நாட்களில் அவர் வீதியைப் பற்றியும் மைல்களைப் பற்றியும் எழுதுகிறார். ஆசிய மக்களை உயரத்தில் இருந்து பார்க்கிற, அக்கால வெள்ளையருக்கே உரிய பார்வை நூல் முழுவதும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனால் காவலில் வைக்கப்பட்ட நாட்களில் ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை. காவலரின் முகம், அவர்கள் கொடுத்த உணவு, பேச்சு, பொழுது போகாத தோட்டம் என்று பார்வை தரைக்கு இறங்கி வருகிறது. கைதியாகவும் விருந்தாளியாகவும் ஒரே வேளையில் இருந்த மனிதனின் எழுத்து அது. தன்னை மறித்தவர்களுக்கும் அதற்கு ஒரு காரணம் இருந்தது என்பதை அவர் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறார் என்று சொல்லமாட்டேன். ஆனால் நூலில் மனிதர்கள் மனிதர்களாகத் தெரிகிற பக்கங்கள் பெரும்பாலும் அவர் விரும்பாமல் நின்ற இடங்களிலேயே கிடைக்கின்றன.

இரண்டாமவர் ஒரு பெண். ஆனி லண்டன்டெரி என்று உலகம் அறிந்த பெயர் அவருடைய சொந்தப் பெயரன்று. லத்வியாவிலிருந்து சிறு வயதிலே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்த ஆனி கொப்சோவ்ஸ்கி அவர். பொஸ்டன் நகரில் கணவனோடும் மூன்று பிள்ளைகளோடும் வாழ்ந்தவர். 1894 ஜூன் மாதம் உலகைச் சுற்றப் புறப்பட்டார். லண்டன்டெரி என்னும் ஊற்றுநீர்க் கம்பனி நூறு டொலர் கொடுத்தது. அதற்காக அந்தப் பெயரைத் தன் பெயராக ஏற்று, விளம்பரப் பலகையையும் வண்டியில் கட்டிக்கொண்டார். ஒரு பெண்ணால் பதினைந்து மாதத்துக்குள் உலகைச் சுற்ற முடியுமா என்று இரு செல்வர்கள் பந்தயம் கட்டியதாக அவர் சொல்லி வந்தார். அப்படியொரு பந்தயம் உண்மையில் நடந்ததா என்பது ஆய்வாளருக்கே சந்தேகம். சந்தேகமில்லாத செய்தி ஒன்று உண்டு. புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் அவர் சைக்கிள் ஓட்டவே பழகினார்!

நீண்ட பாவாடையுடன், நாற்பத்திரண்டு இறாத்தல் எடையுள்ள பெண்கள் சைக்கிளில் சிக்காகோ வந்து சேர்ந்தபோது செப்டெம்பர் 24 ஆகிவிட்டது. மூன்று மாதம் கழிந்துவிட்டது. மேற்கே போகவேண்டும் என்பது திட்டம். ஆனால் மேற்கே மலைகளில் பனி தொடங்கும் காலம். அங்கே அவர் எடுத்த முடிவுதான் இந்தக் கதையின் உயிர். பாரமான வண்டியைக் கைவிட்டு, அதில் ஏறத்தாழப் பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிள் ஒன்றை எடுத்தார். பாவாடையை விட்டுக் காற்சட்டைக்கு மாறினார். திசையையும் திருப்பினார், வந்த வழியே கிழக்கே நியூயோர்க் போய், அங்கிருந்து பிரான்சுக்குக் கப்பலேறினார். வண்டி, உடை, திசை மூன்றும் ஒரே ஊரில் மாறின. ஒரு பெண் காற்சட்டை அணிந்து வீதியில் வருவதே வசைக்குரியதாக இருந்த காலம் அது. மூன்று குழந்தைகளின் தாயாகிய ஒருத்தி தனியே நின்று எடுத்த முடிவு எத்தனை கனமானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பாரிஸ் நகரிலிருந்து மார்செய் துறைமுகம் வரை ஓட்டிவிட்டு, 1895 ஜனவரியில் கிழக்கே போகும் கப்பலில் ஏறினார். இங்கே நமக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. அந்தக் கப்பல் வழியில் நின்ற துறைமுகங்களில் கொழும்பும் ஒன்று. பிறகு சிங்கப்பூர், சைகோன், ஹொங்கொங், ஷங்ஹாய், ஜப்பான். மார்ச் மாதம் யோகோகாமாவிலிருந்து புறப்பட்டு, அதே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார். செப்டெம்பர் 12 ஆம் திகதி சிக்காகோவில் பயணத்தை முடித்தார். திகதிகளைக் கூட்டிப் பார்த்தாலே தெரியும், ஆசியாவில் அவர் பெரும்பாலும் கப்பலில்தான் இருந்தார்.

ஆனால் அவர் சொன்ன கதைகள் வேறு. இந்தியாவில் ஜெர்மன் அரச குடும்பத்தாருடன் புலி வேட்டையாடினாராம். சீன ஜப்பானியப் போர்க்களத்தில் குண்டடி பட்டாராம். ஜப்பானியச் சிறையிலும் கிடந்தாராம். ஒரு பத்திரிகையிடம் தன்னை அநாதை என்பார். இன்னொன்றிடம் செல்வக் குடும்பத்து வாரிசு என்பார். 1895 ஒக்டோபரில் நியூயோர்க் பத்திரிகையொன்றில் வெளிவந்த அவருடைய கட்டுரையும் இந்தப் பாணியில்தான் போகிறது. அவர் 1947 இல் மறைந்தார். அதன் பிறகு நெடுங்காலம் உலகம் அவரை மறந்தே இருந்தது. அவருடைய உறவின் வழிவந்த ஒருவர் தேடித் தொகுத்து எழுதிய நூல் 2007 இல் வெளிவந்த பிறகே பெயர் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

அவரைப் பொய்காரி என்று தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. அவருக்குப் பணம் தேவை. பத்திரிகைகளுக்குப் புலி தேவை. கதை கேட்க வந்தவர்கள் கேட்டதை அவர் கொடுத்தார். ஆயினும் இலக்கியம் என்ற அளவில் நாம் இழந்தது பெரிது. கொழும்புத் துறைமுகத்தில் அவர் எதைப் பார்த்தார்? யார் அவருக்கு உதவினார்கள்? சிக்காகோவில் அந்தத் திரும்புகிற இரவில் அவர் மனதில் என்ன ஓடியது? இவை எதுவும் அந்தப் புலிக் கதைகளில் இல்லை. நடந்த உண்மை, புனைந்த பொய்யைவிடப் பெரிதாக இருந்தும், அதை அவர் சொல்லாமலே விட்டுவிட்டார். வழி மாறியதைச் சிறுமை என்று எண்ணுகிறவர் அதை மறைக்கத்தான் பார்ப்பார். பயண எழுத்தாளருக்கு இதனால் வருகிற நட்டத்துக்கு ஆனியின் கதை நல்ல சான்று.

மூன்றாமவர் டேர்வ்லா மேர்பி. அயர்லாந்தில் லிஸ்மோர் என்ற ஊரில் 1931 இல் பிறந்தவர். பத்தாவது பிறந்தநாளுக்குப் பெற்றோர் ஒரு பழைய சைக்கிளையும், பாட்டனார் ஒரு பழைய தேசப்படப் புத்தகத்தையும் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த அந்தச் சிறுமி, ஒருநாள் சைக்கிளிலேயே இந்தியாவுக்குப் போவேன் என்று முடிவு கட்டிக்கொண்டாள். பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தி, மூட்டு வாதத்தால் முடங்கிப்போன தாயைப் பராமரிக்க வேண்டி வந்தது. தாய் 1962 இல் காலமான பிறகே அவருக்கு வழி திறந்தது. பத்து வயதில் போட்ட கோட்டில் முப்பத்தொரு வயதில் கால் வைத்தார். அவர் வாழ்க்கையே நெடுங்காலம் வேறு வழியில் போய்த் திரும்பியது என்று சொல்லலாம்.

1963 ஜனவரியில் புறப்பட்டார். ஐரோப்பா பல பத்தாண்டுகளில் காணாத கடுங்குளிர் அந்த ஆண்டில்தான் வந்தது. சைக்கிளுக்கு ‘ரோஸ்’ என்று பெயர். தொன் கிஹோத்தேயின் குதிரையான ரோசினாந்தேயின் பெயரைச் சுருக்கி வைத்தது. ஆசிய வீதிகளின் குலுக்கலைத் தாங்காது என்று கருதி, வண்டியில் இருந்த மூன்று கியரையும் புறப்படுமுன் கழற்றிவிட்டார். மாற்று ரயர்களை வழியில் உள்ள நகரங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார். ஏற்பாடு இப்படி இருந்தும் பனி எல்லாவற்றையும் குலைத்தது. யூகோஸ்லாவியாவில் சைக்கிளை லொறியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டிய நிலை வந்தது. அந்த லொறியும் பனியில் சறுக்கி மரத்தில் மோதி நின்றுவிட, உதவி தேடி நடந்தவரை ஓநாய்கள் வளைத்துக்கொண்டன. கைத்துப்பாக்கி இருந்ததால் தப்பினார்.

ஆப்கானிஸ்தானத்திலும் சைக்கிளை விட்டுப் பஸ்ஸில் ஏறவேண்டி வந்தது. அந்தப் பயணம் முழுவதிலும் அவருக்கு ஏற்பட்ட மோசமான காயம் சைக்கிளால் வந்ததன்று. அந்தப் பஸ்ஸுக்குள் நடந்த கைகலப்பில், தவறுதலாக ஒரு துப்பாக்கியின் அடிப்பகுதி பட்டு மூன்று விலா எலும்புகள் முறிந்தன. வேறொருவராக இருந்தால் அந்த நாட்டையே வசைபாடி ஓர் அத்தியாயம் எழுதியிருப்பார். மேர்பியோ, ஆப்கானியர்மேல் தமக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்ற பொருளில் ஒரு புதுச் சொல்லையே ஆக்கிக்கொள்கிறார். அந்த மலைகளையும் மனிதரின் மிடுக்கையும் விருந்தோம்பலையும் ஆசையோடு எழுதுகிறார். பிறகு பாகிஸ்தானின் ஸ்வாத், கில்கித் என்று வட மலைப்பகுதிகளைச் சுற்றிவிட்டு, ஜூலை மாதம் டில்லி வந்து சேர்ந்தார். சேர்ந்த கையோடு ஊர் திரும்பவும் இல்லை. திபெத்திய அகதிக் குழந்தைகளின் முகாமில் பணிசெய்யத் தங்கிவிட்டார். இந்தியா வரை சைக்கிளில் போவது என்ற இருபத்தொரு வருடத் திட்டம், போய்ச் சேர்ந்த இடத்தில் வேறு ஒன்றாக மாறிவிட்டது.

அவருடைய ‘ஃபுல் டில்ட்’ என்ற நூல் 1965 இல் வெளிவந்தது. நாட்குறிப்பு வடிவம், அன்றன்று கண்டது அன்றன்றைய பக்கத்தில் கிடக்கிறது. இரண்டு நூல்களின் தலைப்புகளையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுண்டு. ஸ்டீவன்ஸின் தலைப்பு, சைக்கிளின் மேல் உலகைச் சுற்றி என்ற பொருள் தருவது. மேர்பியின் துணைத்தலைப்பு, அயர்லாந்திலிருந்து இந்தியா வரை ஒரு சைக்கிளுடன் என்ற பொருள் தருவது. ஒருவருக்கு மேல், மற்றவருக்கு உடன். பனியில் தோளில் சுமந்ததும், பஸ்ஸின் கூரையில் ஏற்றியதும், ஆற்றில் தள்ளியதும் எல்லாம் அந்த ‘உடன்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சவாரி நின்றாலும் பயணம் நிற்பதில்லை என்று நம்புகிறவர்தான் அப்படியொரு தலைப்பை வைக்க முடியும்.

ஒரே நாடு, எழுபத்தேழு வருட இடைவெளியில் இரண்டு நூல்களில் வருவதையும் கவனியுங்கள். 1886 இல் ஸ்டீவன்ஸ் கண்ட ஆப்கானியர் காவலர். 1963 இல் மேர்பி கண்ட ஆப்கானியர் விருந்து தருபவர். இடைப்பட்ட காலத்தில் அரசியல் மாறியிருந்தது உண்மைதான். ஆனால் ஸ்டீவன்ஸுக்கும் அவர்கள் சோறு போட்டார்கள். மேர்பிக்கும் அவர்களால் எலும்பு முறிந்தது. இருவரும் எழுதிய கணக்கு வேறுபட்டதற்கு எழுதியவரின் மனமும் ஒரு காரணம். பெரும்பாணனும் கூத்தனும் வழியில் பெற்ற உதவியை மறவாமல் சொன்னார்கள். அந்த மரபுக்கு இந்த மூவரிலும் மிக அருகில் வருகிறவர், தமிழே அறியாத அந்த ஐரிஷ் பெண்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1979 இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படையெடுப்பும் நிகழ்ந்த பின்னர் அந்தத் தரைவழியே துண்டுபட்டுப் போயிற்று. மேர்பி 2022 மே மாதம் தமது தொண்ணூறாவது வயதில் மறைந்தார். அவர் போன வழி இப்போது அந்த நூலில் இருக்கிறது.

நேயர்களே, இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் நான் மேலே போக முடியாது. மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, எந்த வழி என்று தெரியாமல் போவது எங்கள் மக்கள் பலருக்கு நூலில் படித்த செய்தி அல்ல. 1990 க்குப் பிறகு பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் சைக்கிளே வாகனம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, ஹாண்டிலில் பானையும் கரியரில் பாயும் பாரில் குழந்தையுமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு இரவிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஸ்டீவன்ஸும் ஆனியும் மேர்பியும் திரும்பிப் போக ஒரு வீடு இருந்த நம்பிக்கையோடு வழி மாறியவர்கள். விரும்பிப் போனவரின் திருப்பத்தையும் விரட்டப்பட்டவரின் திருப்பத்தையும் ஒரே தராசில் வைத்துவிடக்கூடாது. பயண இலக்கியத்தைச் சுவைக்கும்போது இந்த நினைவு நமக்கு இருக்கத்தான் வேண்டும். அதேவேளை, அந்த இரவில் தண்ணீர் கொடுத்தவரையும் திண்ணையில் இடம் விட்டவரையும் நினைவில் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் கதையிலும் மனிதர்தான் முதலில் வருவார்.

இப்போது காலம் வேறு. கையில் உள்ள தொலைபேசியே தேசப்படமாகிவிட்டது. செய்மதி பார்த்து இடம் சொல்லும். ஒரு வழி அடைபட்டால் அடுத்த வழியை நொடியில் காட்டும். சைக்கிளில் போகிற இளைஞருக்கு இது பெரிய உதவி. பழைய கஷ்டமே நல்லது என்று நான் வாதாடவரவில்லை. ஆனால் திரையில் தெரிகிற மாற்றுவழியில் மழைக்கு ஒதுங்க எந்த வீடு இடம் தரும், எந்த வாய்க்கால் நேற்றுப் பெருகியது, எந்தப் பாலத்தில் பலகை கழன்றது என்பதைத் தேநீர்க்கடையில் இருப்பவர்தான் சொல்லவேண்டும். மின்கலம் தீர்ந்துபோனால் அவரே முழுத் தேசப்படமும் ஆவார்.

ஆகவே பயணம் போகிற இளைய நேயர்களுக்கு ஒன்று சொல்வேன். போன தூரத்தை எழுதிவைக்க இப்போது கருவி இருக்கிறது. அதை அதனிடமே விடுங்கள். உங்கள் குறிப்புப் புத்தகத்தில் வழி மாறிய நாளை எழுதுங்கள். ஏன் மாறியது, யார் மறித்தார், அவருக்கு அதற்கு என்ன நியாயம் இருந்தது, யார் கை காட்டினார், என்ன சாப்பிடத் தந்தார் என்று எழுதுங்கள். ஆனியைப்போலப் புலியைச் சேர்க்க வேண்டாம். ஸ்டீவன்ஸைப்போல உயரத்தில் இருந்து பார்க்கவும் வேண்டாம். உதவியவரின் பேச்சை அவர் பேசியபடியே எழுதி வைத்தால் போதும். நாளைக்கு அந்த வழியே வரப்போகிற இன்னொருவருக்கு அது ஓர் ஆற்றுப்படையாக இருக்கும்.